கமலவல்லிக்கு மறக்கக் கூடாது

கை கோட்டுக்குள் நுழைய மறுத்தது. செல்வமேரி மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். அக்கா டோரதி சுவரில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தும் பார்த்துவிட்டாள். அமிர்தசாமி உயிரோடு இருந்தபோதும் கோட்டுப் போடச் சொன்னால் இப்படித்தான் படுத்துவார். அதனால் செல்வமேரிக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"கல்யாணக் கோட்டு இனிமே ஏறாதுடி. இருபத்து மூணு வருஷம் ஆச்சு. அப்ப மனுஷன் ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்தாரு," என்றாள் டோரதி.

"அப்ப அந்தப் பேண்டுக் கோட்டை எடு."

"எது? அந்த ரோஸ் கலரா? ஜிகினா வச்சதா? பாதர் என்னடி சொல்வாரு?"

"பாதர் பூசைக்குப் போட்டுக்கிட்டு வர்றதும் ஜிகினாதானே. எடுக்கா."

டோரதி வாயில் சிலுவை போட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்தாள்.

முந்தின நாள் மாலை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் பாட்டு நிகழ்ச்சி. அதற்குப் புறப்படத்தான் அமிர்தசாமி கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். பாதியில் கத்தியை வைத்துவிட்டு, "மேரி, நெஞ்சு என்னமோ பண்ணுது," என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு கன்னத்தில் சோப்பு காய்ந்துபோயிருந்தது. மீதிச் சவரத்தைச் செல்வமேரியே செய்து முடித்தாள், ஒரு கீறல் இல்லாமல்.

பேண்டு என்றதும் தெருவில் டிரம்பெட் ஊதிக்கொண்டு போகிற கல்யாண பேண்டு என்று நினைத்துவிடக் கூடாது. இது கிட்டார் பேண்டு. மின்சாரத்தில் ஓடுவது. 'பொன்மலை பாய்ஸ்' என்று பெயர். நான்கு பாய்களில் மூன்று பேருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. நான்காவது பாய் அமிர்தசாமிக்கு நாற்பத்தேழு. ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தச்சுப் பிரிவு நண்பன் ஒருவன் அறுத்துக் கொடுத்த தேக்குப் பலகையில் தானே கம்பி கட்டி, தானே முடுக்கி, பேஸ் கிட்டார் என்று ஒன்றைச் செய்துகொண்டவர். "மத்த கிட்டார் காதுல விழும். நம்மளுது வயித்துல விழும்," என்பார். முன்னால் நின்று பாடுவது இன்னாசிராஜ். அவனுக்குத் தலைமுடி நெற்றியில் விழும், பெண்கள் பார்ப்பார்கள். அமிர்தசாமி பின்னால் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் நின்று வயிற்றில் விழ வைத்துக்கொண்டிருப்பார். பாட அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கிட்டார்தான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது.

ரோஸ் கோட்டும் கையில் ஏறவில்லை. டோரதி கத்தரிக்கோலை எடுத்து முதுகுப் பக்கம் நெடுக வெட்டினாள். இப்போது முன்பக்கமாகப் போர்த்தி இரண்டு பக்கமும் செருகிவிட்டால் ஜம்மென்று இருந்தது. செருகும்போதுதான் உள்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்று விழுந்தது. செல்வமேரி பிரித்தாள். அவருடைய கோழிக் கிறுக்கல்.

ஞாயிறு — கமலவல்லிக்கு மறக்கக் கூடாது. கோபுவுக்குத் தெரியக் கூடாது.

"என்னடி அது?" என்றாள் டோரதி.

"டோபி சீட்டு," என்று சொல்லி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

ஏழு மாதமாக அவள் மனத்தில் முகமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒருத்திக்குக் கடைசியில் பெயர் கிடைத்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிடுவார். கேட்டால், "பிராக்டீஸ்." இன்னாசிராஜைக் கேட்டால், "ஞாயித்துக்கிழமை ஏதுங்கக்கா பிராக்டீஸு, எங்களுக்கு சனிக்கிழமைதானே," என்று அவன் விழித்தான். திரும்பி வரும்போது சட்டையில் புளியோதரை வாசம். ஒருதரம் பையில் துளசி. மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கித் தருகிற மனிதனின் பையில் துளசிக்கு என்ன வேலை?

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. பேச்சைக் குறைத்துவிட்டாள். சோறு வேணுமா என்று கேட்பதற்குத் தட்டை நகர்த்துவாள். அவர் எது கேட்டாலும் 'ம்', இல்லாவிட்டால் 'ம்ஹூம்'. இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஏழு மாதம் குடித்தனம் நடத்தினாள். நெஞ்சு என்னமோ பண்ணுது என்று அவர் சொன்னதற்கும் அவள் அடுப்படியிலிருந்து 'ம்' என்றுதான் சொன்னாள். அதை நினைக்கும்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. அழலாம் என்று பார்த்தால், இந்த மனிதனை நாலு சாத்து சாத்தவேண்டும் என்று வந்தது. இப்போது அந்தப் பெயர் வேறு. அந்தக் கமலவல்லிக்குப் புருஷன் இருக்கிறான், அவன் பெயர் கோபு, பாவம், அவனுக்குத் தெரியக் கூடாது. கட்டினவளாகவா அழுவது, ஏமாந்தவளாகவா அழுவது? நாலு மணிக்குப் பாதர் வந்துவிடுவார். அதற்குள் இது தெரியவேண்டும் அவளுக்கு.

கூடத்தில் அமிர்தசாமியைக் கிடத்தி, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ரோஸ் கோட்டில் அவர் நன்றாகத்தான் இருந்தார். இன்னாசிராஜும் மற்ற இரண்டு பையன்களும் தேக்குக் கிட்டாரைக் கொண்டுவந்து பக்கத்தில் சாய்த்துவிட்டு மூலையில் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். அமிர்தசாமியின் சித்தி சூசையம்மாள் வரகனேரியிலிருந்து வந்து இறங்கி, ஊருக்கெல்லாம் சேர்த்து அழுதாள். நடுநடுவே செல்வமேரியை ஓரக்கண்ணால் பார்த்து, "பாரேன், கல்லு மாதிரி உக்காந்திருக்கா," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். சொன்னது கூடத்துக்கே கேட்டது.

இரண்டரை மணி இருக்கும். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. நெற்றியில் திருமண் துலங்க, பஞ்சகச்சத்தின் மேல் கோட்டுப் போட்ட ஒருவர், குழந்தையை இறக்குவதுபோல ஒரு தோல்பெட்டியை இறக்கினார். பின்னாலேயே ஓர் அம்மாள். மடிசார், மூக்கில் இரண்டு பக்கமும் வைரம், தடித்த மூக்குக்கண்ணாடி. வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும்படியான உடம்பு. துக்க வீட்டில் ஒரு நொடி அழுகை நின்றது. பொன்மலைக் காலனியில் மாதா தேர் வரலாம், ஐயங்கார் வருவது வழக்கமில்லை.

"அமிர்தசாமி ஆம் இதுதானே?" என்று கேட்டு, கூடத்தைப் பார்த்ததும் அவர் குரல் உடைந்தது. "நான் கோபு. டிவிஷனல் ஆபீஸ்ல கிளார்க். கார்த்தால ஆபீஸ் போனதும்தான் சொன்னா. ஓடி வந்தேன். இவ என் ஆத்துக்காரி, கமலவல்லி."

செல்வமேரி எழுந்து நின்றுவிட்டாள்.

ஏழு மாதமாக அவள் மனத்தில் ஒருத்தியைச் செய்துவைத்திருந்தாள். மெலிந்தவள், பின்னல் நீளமானவள், ஜன்னல் பக்கம் நின்று சிரிப்பவள். அந்த ஒருத்தி இப்போது ஒரே கணத்தில் ஐம்பது வயதாகி, கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குள் கண்ணீர் நிரம்பி எதிரே நின்றாள். செல்வமேரி கோபுவைப் பார்த்தாள். வெள்ளை மனசு நெற்றியிலேயே எழுதியிருந்தது. ஐயோ, இந்த அப்பாவி மனுஷனுக்குத் தெரியாதே என்று அவர்மேல் இரக்கம் வந்தது. சீட்டு ஜாக்கெட்டுக்குள் உறுத்தியது.

"உங்களோட கொஞ்சம் தனியாப் பேசணும்மா," என்றாள் கமலவல்லி. "அவர் காதுல விழப்படாது."

அடுப்படிக்குப் போனார்கள். செல்வமேரி கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். கமலவல்லியை முந்திக்கொண்டு சீட்டை எடுத்து நீட்டினாள்.

"இதைப் பத்தியா?"

கமலவல்லி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். முகம் சிவந்தது. "பெருமாளே, எழுதி வேற வச்சிண்டிருந்தாரா?"

"எத்தனை நாளா நடக்குது?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. முதல்ல குழந்தைகளுக்குன்னுதான் கொண்டுவந்தார். நான் ஒரு விள்ளல் வாயில போட்டுண்டேன். அதோட சரி, விடலை." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பிளம் கேக்கு. உங்க காலனி பேக்கரியில வாங்கறது. அதுல முட்டை உண்டான்னு நான் கேக்கலை. அவரும் சொல்லலை. அப்படியே ஏழு மாசம் ஓடிப்போச்சு. வாராவாரம் பேப்பர்ல சுத்தி, கிணத்தடியில வச்சுட்டு ஒண்ணுந் தெரியாதவர் மாதிரி உள்ள போவார். ஆத்துக்காரருக்குத் தெரிஞ்சா என்னை அடுப்பண்டை, தளிகை உள்ளுக்கே சேக்கமாட்டார். நீங்களும் சொல்லிடாதேங்கோம்மா. அதைக் கேக்கத்தான் வந்தேன். அதுக்கு மட்டும் இல்லை, அவரைப் பாக்கவும்தான். தங்கமான மனுஷர்."

செல்வமேரி அந்த அம்மாளையே பார்த்தாள். கேக்கு.

சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. முந்தானையை வாயில் வைத்து அடைத்தாள், நிற்கவில்லை. கதவில் சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். துக்க வீட்டு அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு, கூடத்தில் சூசையம்மாள் ஒப்பாரியைப் பாதியில் விட்டாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று செல்வமேரிக்கே தெரியவில்லை. கமலவல்லி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"தீட்டாச்சேம்மா உங்களுக்கு," என்றாள் செல்வமேரி விசும்பலுக்கு நடுவே.

"காவேரி ரெண்டு கரையும் ஓடறது. ஒரு முழுக்குப் போட்டா ஆச்சு. நீங்க அழுங்கோ."

நன்றாக அழுதுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு செல்வமேரி கேட்டாள். "அப்ப ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு எதுக்குத்தான் வந்தாரு?"

"அதைக் காட்டத்தானே எங்காத்துக்காரர் பெட்டியைத் தூக்கிண்டு வந்திருக்கார்," என்றாள் கமலவல்லி.

கூடத்தில் கோபு தோல்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே இரண்டு சக்கரம், பழுப்பு நாடா. டேப் ரிக்கார்டர். சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல்காரர் கொண்டுவந்ததாம், கோயில் உபன்யாசங்களைப் பிடித்து வைப்பதற்காகக் கோபு வாங்கினாராம். ஆபீஸில் பேச்சுவாக்கில் இது அமிர்தசாமியின் காதில் விழுந்திருக்கிறது. மறு ஞாயிறே கிட்டாரும் கையுமாக வந்து நின்றிருக்கிறார்.

"தனியாப் பாடிப் பிடிச்சு மெட்ராஸ்ல ரிக்கார்டு கம்பெனிக்கு அனுப்பணும்னு அவருக்கு ஆசைம்மா," என்றார் கோபு. "எல்லாம் அவரே கட்டின பாட்டு. 'ஆத்துல சொல்லலையா'ன்னேன். 'எடுத்துக்கிட்டா சொல்லிக்கலாம் சாமி, இல்லைன்னா மானம் நம்ம ரெண்டு பேரோட போகட்டும்'னார். வர்ற மாசம் அனுப்பறதா இருந்தோம். ஒரு பாட்டுத்தான் பாக்கி." அவர் அமிர்தசாமியைப் பார்த்தார். "அவரை எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கணும்னு தோணித்து. தப்பா இருந்தா சொல்லுங்கோ, கொண்டுபோயிடறேன்."

"போடுங்க," என்றாள் செல்வமேரி.

ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி இதைச் செருகினார்கள். சக்கரம் சுற்றியது. முதலில் கரகரப்பு, பிறகு யாரோ செருமுகிற சத்தம்.

"ஹலோ, ஹலோ. வணக்கம். நான் அமிர்தசாமி பேசறேன்."

"ஏசுவே, எந்திரிச்சுட்டான்டி!" என்று அலறி, சூசையம்மாள் பின்னாலிருந்தவள் மடியில் சாய்ந்தாள். அவளுக்குச் சோடா உடைத்துக் கொடுத்து, பெட்டியைக் காட்டி, புரியவைத்து உட்காரவைப்பதற்குள் முதல் பாட்டுப் பாதி போய்விட்டது.

அவர் பாடினார். வயிற்றில் விழுகிற அந்தக் கிட்டார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கீழ்க்குரலில், அவசரமில்லாமல், பக்கத்து நாற்காலிக்காரரிடம் விஷயம் சொல்வதைப்போலப் பாடினார். ஒர்க்‌ஷாப் சங்கு பற்றி ஒரு பாட்டு. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நசுங்குவது பற்றி ஒன்று. பாட்டுக்கு நடுவே கோபுவின் வீடிருந்த உத்தர வீதியின் சத்தமெல்லாம் வந்தது. ஒரு மாடு கத்தியது. "இருங்க சாமி, பூக்காரம்மா போயிடட்டும்," என்று அவரே நிறுத்தினார். உள்ளே எங்கோ பாத்திரம் உருண்டது, கமலவல்லி இங்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓரிடத்தில் தாளம் தப்பி, "அட ச்சே, நாப்பத்தேழு வருஷமா இருக்கற விரல், இன்னைக்குன்னு பார்த்து," என்று தன்னையே வைதுகொண்டார். கூடம் சிரித்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தார்கள்.

இன்னாசிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "இப்படிப் பாடுவாருன்னு எனக்குத் தெரியாதுக்கா," என்றான். "மூணு வருஷம் எனக்குப் பின்னாடியே நின்னாரு. ஒருநாள்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்," என்றாள் செல்வமேரி.

கடைசிப் பாட்டு தொடங்கியது. முதல் நாலு சுரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான வருஷம், பாலக்கரையில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது, அவர் சொத்தைக் கத்திரிக்காயாகப் பார்த்து வாங்கிவந்ததற்கு அவள் வைய, அவர் பதில் சொல்லத் தெரியாமல் பாட்டாகப் பாடினார். அவளும் விடவில்லை, பாட்டிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவர் ஒரு அடி, அவள் ஒரு அடி. மழை பெய்த இரவுகளில் கொஞ்ச காலம் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு எப்போது விட்டது என்று ஞாபகமில்லை.

காந்தி மார்க்கெட் போயி வந்தேன்
கத்திரிக்கா வாங்கி வந்தேன்
பிஞ்சாப் பார்த்துப் பொறுக்கி வந்தேன்
பிரியத்தோட வாங்கிக்கடி

கிட்டார் மட்டும் ஒரு சுற்று சுற்றி வந்தது. இன்னொரு சுற்று. பிறகு நின்றது.

"சாமி, அடுத்த அடி மேரியோடது. எனக்கு வர மாட்டேங்குது," என்றது அவர் குரல்.

"ஆத்துல கேட்டுண்டு வாங்கோளேன்," என்றது கோபுவின் குரல்.

"கேக்கலாம். இப்பல்லாம் அவ எங்கூட அவ்வளவாப் பேசறதில்லைங்க. என்ன கோபம்னு தெரியலை. நான்தான் ஏதாவது பண்ணியிருப்பேன். பேசினப்புறம் கேட்டுக்கிட்டு வரேன். இதுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைங்க."

சக்கரம் வெறுமனே சுற்றியது. கோபு பொத்தானை அழுத்தி நிறுத்தினார். யாரும் செல்வமேரியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லாரும் மிகவும் பாடுபட்டார்கள்.

வாசலில் பாதர் வந்து நின்றார். பின்னால் சிலுவை. கோயில் மணி ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கியிருந்தது. டோரதி தங்கையின் தோளைத் தொட்டு, "மேரி, நேரமாச்சு," என்றாள்.

"ரெண்டு நிமிஷம் பொறுங்க பாதர்," என்று செல்வமேரி எழுந்தாள். கோபுவிடம் வந்தாள். "இடம் விட்டிருக்கா?"

"இருக்கும்மா. நிறைய இருக்கு."

"எங்க பேசணும்?"

கோபு பையிலிருந்து மைக்கை எடுத்துச் செருகினார். அதை வாங்கிக்கொண்டு அவள் தலைமாட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். செருகல் விலகியிருந்த ரோஸ் கோட்டைச் சரிசெய்தாள். இன்னாசிராஜ், யாரும் சொல்லாமலே, தேக்குக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்து அந்தச் சுற்றை மெல்ல வாசித்தான். முதல்தரம் தப்பினான். இரண்டாம்தரம் சரியாக வந்தது. கோபு விரலை உயர்த்தினார். சக்கரம் சுற்றியது.

செல்வமேரிக்கு நல்ல குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அழுது வேறு அடைத்திருந்தது. ஆனாலும் வைகிற அடியாதலால், வைகிற தோரணையிலேயே பாடினாள்.

பொறுக்கி வந்த அத்தனையும்
பூச்சி அரிச்ச சொத்தை மாமா
பிரியம் மட்டும் சொத்தையில்ல
பையை வச்சிட்டு உள்ள வாங்க

அடுத்த அடி அவருடையது. வழக்கப்படி அவள் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள்.

இன்னாசிராஜ் ஒரு சுற்று வாசித்தான். இன்னொரு சுற்று வாசித்தான். வாசலில் பாதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபு பொத்தானில் விரலை வைத்தார். அழுத்தவில்லை.